நானூற்றுப்பத்து கிலோமீட்டர்

அவளுடைய வேலை வானத்தில் வழி போடுவது. அவள் விமானத்தில் ஏறியதை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். ஆனால் தினமும் ஏழெட்டு விமானங்கள் அவள் போட்ட வழியில்தான் பறந்தன. கம்பெனியின் விமானம் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் சரி, அது எதற்கு மேலே போக வேண்டும், எத்தனை உயரத்தில், எத்தனை டன் எரிபொருளோடு, எத்தனை மணி நேரத்தில் என்பதையெல்லாம் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருக்கும் ஆறு பேரில் ஒருவர் முடிவு செய்வார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, இடிமேகம் எங்கே கட்டுகிறது என்று பார்த்து ஒரு தாள் தயாராகும். தாளில் வழி போட்டவரின் கையெழுத்து, அதன் கீழே கேப்டனின் கையெழுத்து. இரண்டும் விழுந்தால்தான் சக்கரம் உருளும்.

அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். மகளின் வேலையைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை.

"உன் வேலையும் என் வேலைதான், சின்னது. என்ன, என் வண்டி பஞ்சரானா ஓரமா நிறுத்திக்கலாம். உன் வண்டிக்கு ஓரமே கிடையாது."

அவளை வீட்டில் எல்லோருமே சின்னது, சின்னு என்றுதான் கூப்பிடுவார்கள். மூத்தது அண்ணன். அவன் வெளிநாட்டில் வேலை கிடைத்துப் போய் ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. மகன் எங்கே இருக்கிறான் என்று யாராவது கேட்டால் அப்பா ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார். "ஒன்பதாயிரத்து அறுபது கிலோமீட்டர்ல இருக்கான். பதினோரு மணி நேரம், கூட ஒன்பது நிமிஷம்" என்பார். எந்தக் கடல், எந்த மலைத்தொடர், எதற்குப் பின் எது வரும் என்று மகளிடம் கேட்டுக் கேட்டு அந்த வழி முழுக்க அவருக்கு மனப்பாடம்.

அந்த வருஷம் அப்பாவின் நுரையீரல் கைவிட்டது. பின்னறைக் கட்டிலோடு படுத்துவிட்டார். ஒரு நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார்.

அண்ணனுக்கு அடுத்த நாள் விமானத்திலேயே இடம் கிடைத்தது. போனில் கூப்பிட்டான்.

"உங்க கம்பெனி ஃப்ளைட்தான் சின்னு."

"தெரியும். அது என் டேபிள்லதான் வரும்."

"அப்போ நீதான் என்னைக் கூட்டிட்டு வரப்போற." சிரிக்கப் பார்த்தான்.

அன்று லீவு போடத்தான் இருந்தாள். அப்பா விடவில்லை. "நீ இங்க உட்கார்ந்து என் மூஞ்சியப் பார்த்து என்ன ஆகப்போகுது? அவன் வண்டிய யாரு பார்ப்பா? போயிட்டு வா."

காலை ஐந்து மணி ஷிஃப்ட். இங்கே ஏழு நாற்பது ஆகும்போது அண்ணனின் விமானம் அங்கே கிளம்ப வேண்டும். அவள் திரையைத் திறந்து பார்த்தாள். நேர் வழியில், மலைத்தொடருக்கு மேல், நண்பகலுக்குப் பிறகு இடிமேகம் கட்டலாம் என்று வானிலைக் குறிப்பு இருந்தது. முப்பது சதவீத வாய்ப்பு. மற்ற நாளாக இருந்தால் இதற்கெல்லாம் யோசிக்கவே மாட்டாள். எரிபொருளைக் கொஞ்சம் கூட்டிப் போட்டு நேராகவே அனுப்பிவிட்டு, மேகம் வந்தால் அங்கே பார்த்து விலகிக்கொள்ளுங்கள் என்று கேப்டனுக்கு ஒரு வரி எழுதிவிடுவாள்.

அன்றைக்குக் கை ஓடவில்லை. மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு அந்த விமானம் குலுங்குவதும், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வெளிறிப்போய் உட்கார்ந்திருப்பதும் கண் முன்னால் வந்தது. திரையில் இருந்த வழிக்கோட்டைப் பிடித்துத் தெற்கே இழுத்தாள். வழி மலையை விட்டுக் கடலுக்கு நகர்ந்தது. ஒன்பதாயிரத்து நானூற்று எழுபது கிலோமீட்டர். பதினோரு மணி நாற்பது நிமிஷம். நானூற்றுப்பத்து கிலோமீட்டர் சுற்று, முப்பத்தோரு நிமிஷம் அதிகம்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு பெருமூச்சு விடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பெருமூச்சு.

"இந்தத் துணுக்கு மேகத்துக்கா இவ்வளவு சுத்து?"

"இருக்கட்டும் சார்."

"உன் இஷ்டம்" என்று மூச்சை விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கேப்டன் அங்கிருந்து கூப்பிட்டார். "மேடம், நேரா போனா என்ன? முப்பது பர்சென்ட்தானே போட்டிருக்கான்?"

"வேண்டாம் கேப்டன். சுத்தியே வந்துடுங்க."

உள்ளே அண்ணன் வருகிறான் என்று அவள் சொல்லவில்லை. வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்றும் சொல்லவில்லை. கேப்டன் ஒரு நொடி யோசித்தார். "நீங்க சொன்னா சரிதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்தபோது அப்பா கண்ணை மூடிக் கிடந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் உதடு அசைந்தது.

"எங்க வர்றான்?"

"பாதிக்கு மேல வந்துட்டான்பா."

"கீழ என்ன?"

"கடல்."

அப்பா கண்ணைத் திறந்தார். "கடலா? இந்நேரம் மலையில்ல வரணும்?"

அவள் அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "இன்னைக்குக் காத்து சரியில்லப்பா. ரூட்ட மாத்தியிருக்காங்க."

"யாரு?"

"ஆபீஸ்ல."

அப்பா அவளையே பார்த்தார். அப்புறம் எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சுத்துனா நேரமாகுமே" என்று மட்டும் சொன்னார்.

ஏழு இருபதுக்கு விமானம் இறங்கியது. அவள் குனிந்து அவர் காதில், "இறங்கிட்டான்பா. ஒரு மணி நேரத்துல வாசல்ல நிப்பான்" என்றாள். அப்பா தலையசைத்தார். அம்மா அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி வாக்கில் தெருவில் ஒரு வண்டி நின்றது. அப்பாவின் கண் வாசல் பக்கம் போனது. அது எதிர்வீட்டுக்கு வந்த வண்டி. அதற்கப்புறம் அவர் வாசலைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு பதினொன்றுக்கு மூச்சு நின்றது.

எட்டு முப்பதுக்கு அண்ணன் பையோடு உள்ளே வந்தான். கூடத்தில் அம்மா நின்றிருந்த நிலையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டான்.

"எப்ப?"

"இப்பதான்டா. இப்பதான்" என்றாள் அம்மா.

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். யாரையும் குறை சொல்லவில்லை. யாரோ கேட்டதற்கு, "ஃப்ளைட் கரெக்ட் டயத்துக்குத்தான் வந்துச்சு" என்று பதில் சொன்னான். அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

ஒரு வாரம் கழித்து வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அன்றைய பதிவுகளை எடுத்துப் பார்த்தாள். அதே மணி நேரத்தில் வேறு கம்பெனி விமானங்கள் மூன்று அந்த மலைக்கு மேலேயே நேராகப் போயிருந்தன. ஒன்றுகூட விலகவில்லை. மேகம் கட்டவே இல்லை.

நேராக வந்திருந்தால் ஆறு நாற்பத்தொன்பதுக்கு இறங்கியிருப்பான். ஏழு ஐம்பத்தொன்பதுக்கு வீட்டு வாசலில் நின்றிருப்பான். ஏழு ஐம்பத்தொன்பதுக்கும் எட்டு பதினொன்றுக்கும் நடுவே பன்னிரண்டு நிமிஷம். அந்தக் கணக்கை எத்தனை விதமாகப் போட்டாலும் பன்னிரண்டுதான் வந்தது.

அண்ணன் இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிப் போனான். அன்று மாலை அவளும் அம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் கட்டில் முனகியது. பாரமான ஆள் புரண்டு படுக்கும்போது வருகிற முனகல். தொடர்ந்து தொண்டையைச் செருமும் சத்தம், சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. டிப்போவில் மைக்கைப் பிடிக்கும் முன்னால் அப்பா அப்படித்தான் செருமுவார். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அவள் கையிலிருந்த துண்டு நழுவியது. அம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"அம்மா..."

"ரெண்டு வாரமா கேக்குது. அண்ணன் இருந்தப்பவும்தான். அவன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான், அவனுக்குக் கேக்கல."

"பயமா இல்லையா உனக்கு?"

"உங்கப்பாகிட்ட என்ன பயம்? பாவமாத்தான் இருக்கு. எதுக்கோ காத்துக்கிட்டிருக்காரு." அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் போய் உட்கார்ந்துக்கிறேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அடங்கிடும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு ஐம்பத்தொன்பது.

அறை வாசல் வரைதான் அவளால் போக முடிந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கட்டிலில் யாரும் இல்லை. ஆனால் மெத்தையின் நடுவே, காலையில் அவளே இழுத்துச் சரிசெய்த விரிப்பில், ஓர் ஆள் கிடக்கும் பள்ளம் இருந்தது. அம்மா கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். எட்டு பதினொன்றுக்குப் பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒரு நாள் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்துப் பார்த்தாள். அதனால் எதுவும் மாறவில்லை. எந்த நேரத்துக்குச் செருமல் வருகிறது என்பது அம்மாவுக்குத் தெரியும், ஏன் அந்த நேரம் என்பது தெரியாது. அது இவளுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லலாம் என்று வாயைத் திறப்பாள், பால் பாக்கெட்டைப் பற்றிப் பேசி மூடிக்கொள்வாள்.

வீட்டில் அந்த நேரத்துக்கு இருக்க வேண்டாம் என்று மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டாள். வீட்டில் இருந்தது அலுவலகத்துக்கே வந்துவிட்டது. ஜன்னல் இல்லாத அந்த அறையில், மற்ற ஐந்து பேரும் தட்டிக்கொண்டிருக்கையில், அவள் நாற்காலிக்குப் பின்னால் செருமல் கேட்கும். சின்னதாக இரண்டு, நீளமாக ஒன்று. அவள் கை நின்றுவிடும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மூன்றாவது மாதம் அது நடந்தது. அதே மலைத்தொடர், வேறொரு விமானம். இந்த முறை இடிமேகத்துக்கு அறுபது சதவீதம் போட்டிருந்தது. யோசிக்கவே தேவையில்லை, சுற்றித்தான் அனுப்ப வேண்டும். கோட்டைத் தெற்கே இழுக்கப் போனபோது பின்னால் அப்பா செருமினார். கோட்டை விட்டுவிட்டாள். நேர் வழியிலேயே தாளை முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

கேப்டன் கூப்பிட்டார். "மேடம், இன்னைக்குச் சுத்திப் போகலாமோ?"

"நேரா போங்க கேப்டன். அங்க யாரு யாருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்களோ."

அந்தப் பதில் அவருக்கு என்னவோ போல் இருந்திருக்க வேண்டும். "சரி, எரிபொருள் கூடப் போட்டுக்கிறேன். பார்த்துக்கலாம்" என்றார்.

மேகம் இருட்டில் சொல்லாமல் எழுந்தது. விமானம் நான்கு நிமிஷம் தூக்கிப் போடப்பட்டுக் குலுங்கியது. பயணிகள் பெல்ட் போட்டிருந்ததால் தப்பினார்கள். பின்பக்கம் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த பணிப்பெண்ணுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

அவள் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாள். நாலு வார்த்தை நன்றாகத் திட்டு வாங்க வேண்டும் என்றுதான் போனாள். அந்தப் பெண்ணோ, கட்டுப் போட்ட தோளோடு, "மேகம் வந்தா நீங்க என்ன மேடம் பண்ணுவீங்க?" என்று இவளுக்குச் சமாதானம் சொன்னாள். இவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நேராக அலுவலகத்துக்குப் போய் சீஃப் அறைக் கதவைத் தட்டினாள். அண்ணன், முப்பது சதவீதம், முப்பத்தோரு நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம், செருமல், எதையும் விடாமல் சொன்னாள்.

சீஃப் குறுக்கே பேசாமல் கேட்டார். "உடம்பு சரியில்லேன்னு எழுதிக் கொடுத்துட்டு ஒரு மாசம் வீட்ல இரு" என்றார்.

"வீட்லயா சார்?" என்று கேட்டவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்று மாலை ஏழரைக்கே அம்மாவைப் பின்னறையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா முந்தானையைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது உங்கப்பாவுக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ கை கழுவப் போனப்ப சொன்னாரு. 'சின்னது பயந்துபோய்ச் சுத்தி அனுப்பிட்டா. அவகிட்ட ஒண்ணும் கேக்காதே'ன்னு."

"இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

"கேக்காதேன்னுட்டுத்தானே போனாரு."

அவள் அம்மாவின் மடியில் தலையைப் போட்டு அழுதாள். ஏழு ஐம்பத்தொன்பதுக்குக் கட்டில் முனகியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணனுக்குச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. நான்கு நாள் தள்ளிப்போட்டு, ஒரு மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னாள். லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தாள்.

"சின்னு, அன்னைக்கு நான் என்ன பண்ணேன் தெரியுமா?" என்றான் கடைசியில். "தூங்கிட்டேன். ஏறி உட்கார்ந்ததும், இது சின்னு போட்ட வழி, பத்திரமா கொண்டு போயிடுவான்னு நினைச்சேன். கண்ணை மூடினேன். எழுப்பித்தான் இறக்கிவிட்டாங்க. பதினோரு மணி நேரம் நிம்மதியாத் தூங்கியிருக்கேன். அங்க அவரு கடிகாரத்தப் பார்த்துக்கிட்டுக் கிடந்திருக்காரு."

"அண்ணா..."

"இப்ப நான் உன்னைத் திட்டணுமா, என்னைத் திட்டிக்கணுமா? நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்." போனை வைத்துவிட்டான்.

இரண்டு மாதம் அவன் கூப்பிடவில்லை. அம்மாவிடம் மட்டும் பேசினான். பிறகு ஒரு நாள் அவள் நம்பருக்கே கூப்பிட்டு, ஏதோ பள்ளிக்கூடச் சான்றிதழ் பழைய பெட்டியில் இருக்கிறதா பார் என்றான். தேடி எடுத்துப் படம் பிடித்து அனுப்பினாள். "கிடைச்சுது" என்று பதில் போட்டான். அதிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான். அன்றைய பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை.

செருமல் நின்றுவிடவில்லை. தினமும் என்பது போய், வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நாள் என்று ஆனது. கேட்கிற நாட்களில் அவளும் அம்மாவோடு கட்டிலருகே போய் உட்கார்ந்துகொள்கிறாள். அம்மா அன்றைய சமாச்சாரங்களை ஒப்பிப்பாள். எதிர்வீட்டுக் கல்யாணம், தண்ணீர் மோட்டார் பழுது. சத்தம் வராத நாட்களில் இருவருக்கும் என்னவோ போல் இருக்கும். அதையும் பேசிக்கொள்வதில்லை.

ஒரு மாத லீவு முடிந்து அவள் காலை ஷிஃப்டுக்கே திரும்பினாள். சீஃப் அவளிடம் எதையும் விசாரிக்கவில்லை. ஆனால் டியூட்டி அட்டவணைக்குக் கீழே புதிதாக ஒரு வரி ஒட்டியிருந்தது. சொந்தக்காரர் பயணம் செய்யும் விமானத்துக்கு யாரும் தாங்களே வழி போடக் கூடாது, பக்கத்து மேஜைக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்த வரி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வருஷம் திரும்பும் சமயத்தில், ஒரு காலை ஐந்தரை மணிக்கு, பெருமூச்சு அவள் மேஜைக்கு வந்து நின்றார். கையில் இருந்த தாளை அவள் முன்னால் வைத்தார். அதே விமானம். அதே ஒன்பதாயிரத்து அறுபது கிலோமீட்டர்.

"என் பொண்ணு வர்றா. படிப்பு முடிஞ்சிடுச்சு" என்றார். "நீ போட்டுடு."

சொல்லிவிட்டு அங்கேயே நிற்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். அவள் திரையைப் பார்த்தாள். மலைக்கு மேல் மேகத்துக்கு இருபத்தைந்து சதவீதம் காட்டியது. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் என்று நினைத்தாள். எரிபொருளைக் கூட்டினாள், நேர் வழி போட்டாள், மேகம் கண்டால் விலகச் சொல்லிக் கேப்டனுக்கு ஒரு வரி எழுதினாள். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு தடவை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்றரைக்கு ஷிஃப்ட் முடிந்தது. அடுத்த ஆள் வந்து நாற்காலிக்காக நின்றான். "நீ அந்த மேஜையில உட்கார்ந்துக்கோ" என்று காலியாக இருந்த இன்னொன்றைக் காட்டினாள். திரையில் பச்சைப் புள்ளி மலைத்தொடரின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தது. அது மலையைத் தாண்டியது, சமவெளிக்கு வந்தது, இந்தக் கரைக்கு வந்தது. பெருமூச்சு மகளை அழைத்துவர எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்.

ஆறு ஐம்பதுக்கு, விமானம் தரையில் என்று திரை காட்டியது. அதற்கப்புறம்தான் அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த யாருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.